மேச்சேரிக்கு இரண்டு டிக்கெட்

உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். கூடத்துச் சுவரில் செல்போனைச் சாய்த்து வைத்துவிட்டு, வீட்டுப் பெண் குழந்தை காலை உதறி உதறி ஆடிக்கொண்டிருப்பாள். "என்னடி பாட்டு அது?" என்று நீங்கள் கேட்பீர்கள். "ரஸ்புடீன்!" என்று மூச்சிரைக்கப் பதில் வரும்.

எங்கள் வீட்டில் இது நடந்தது நாமக்கல்லில், கோடை விடுமுறையில். பேத்திக்கு நான் அம்மாயி. கிழவிக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது என்பது அவள் எண்ணம். மேற்கு ஜெர்மனியிலிருந்து 'போனி எம்' என்ற கோஷ்டி அந்தப் பாட்டைப் பாடியது 1978-ல். அப்போது நான் கல்யாணமாகி வந்த புதிது. 2021-ல் திருச்சூர் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் அதற்கு ஆடியதை ஊரே பார்த்து ரசிக்கவில்லையா, அப்போது மறுபடியும் காதில் விழுந்தது. நல்ல பாட்டுக்கு வயதாவதில்லை. கேட்கிறவர்களுக்குத்தான் ஆகிறது.

"அந்த ரஸ்புடீன் யாரு அம்மாயி? நெஜமாவே இருந்தவனா?"

இருந்தவன்தான் என்றேன். சைபீரியாவில் ஒரு குக்கிராமத்துக் குடியானவன். தாடியும் முறைக்கும் கண்ணுமாக, சாமியார் என்று பெயர் வாங்கிக்கொண்டு ரஷ்யச் சக்கரவர்த்தியின் அரண்மனைக்குள் நுழைந்துவிட்டான். ராணியின் ஒரே ஆண் பிள்ளைக்கு, இரத்தம் கசிய ஆரம்பித்தால் நிற்காத வியாதி. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். இந்த ஆசாமி வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் குழந்தைக்குத் தேவலை என்று அந்தத் தாய் நம்பினாள். பிள்ளை பெற்றவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. கடைசியில் 1916 டிசம்பரில் பிரபுக்கள் சேர்ந்து அவனைத் தீர்த்துவிட்டார்கள்.

"விஷம் குடுத்தும் சாகலையாமே! பாட்டுலேயே வருதே!"

அங்கேதான் சங்கதி இருக்கிறது. விஷம் வைத்தோம், அவன் சாகவில்லை, பேய் மாதிரி எழுந்து வந்தான் என்றெல்லாம் எழுதியது யூசுபோவ் என்ற பிரபு. கொலை செய்தவர்களில் முக்கியமானவன் அவனே. பின்னாளில் புத்தகமாகவே போட்டுவிட்டான். ஆனால் பிரேதத்தின் நெற்றியில் இருந்தது வெறும் துப்பாக்கிக் குண்டின் காயம்.

குழந்தை ஆட்டத்தை நிறுத்திவிட்டாள். "அப்படின்னா, கொலை பண்ணவன் சொன்ன கதையையா எல்லாரும் பாடிக்கிட்டு இருக்காங்க?"

எனக்குப் பகீரென்றது. ரஸ்புடீனுக்காக அல்ல. எனக்கும் அப்படி ஒரு பாட்டு உண்டு.

1983-ல் 'மலையூர் மம்பட்டியான்' என்ற படம் வந்தது. ராஜசேகர் டைரக்ட் செய்தது. தியாகராஜனும் சரிதாவும் நடித்தார்கள். அதில் இளையராஜா தாமே பாடிய ஒரு பாட்டு, காட்டு வழியே தனியாகப் போகும் பெண்ணைப் பார்த்துப் பாடுவது. பயப்பட வேண்டாம், மம்பட்டியான் பேர் உனக்குத் துணை என்கிற தோரணை. சேலம் ஜில்லாவில் அந்த வருஷம் ரேடியோ செட் கட்டிய எந்தக் கல்யாண வீட்டிலும் அது ஒலிக்காமல் தாலி ஏறவில்லை என்று சொன்னால், கொஞ்சம்தான் மிகை.

அப்போது நாங்கள் சேலத்துக்கு வெளியே குடியிருந்தோம். பஸ்ஸை விட்டு இறங்கினால் வீட்டுக்கு ஒரு மைல், வழியில் பனந்தோப்பு. ஒரு நாள் கரண்டும் இல்லை, நிலாவும் இல்லை. இடுப்பில் நாலு வயசுப் பெண் வீறிடுகிறாள். நான் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே நடந்தேன். அவள் அடங்கிவிட்டாள். உண்மையைச் சொன்னால், நானும் அடங்கினேன். அந்தப் பெண்தான் இன்று இந்தப் பேத்தியின் தாய்.

அது வரை மம்பட்டியான் யாரோ சினிமாக்காரர்கள் கற்பனை செய்த ஆள் என்று நினைத்திருந்தேன். மறுநாள் பக்கத்து வீட்டுப் பெரியவர், "அவன் நம்ம மேச்சேரிப் பக்கத்து ஆளும்மா. பேரு அய்யாதுரை. நெஜமாவே இருந்தவன்" என்றார். 1950-களின் பிற்பகுதியிலிருந்து சில வருஷங்கள் மேச்சேரி, மேட்டூர் சுற்று வட்டாரத்து மலைகளில் போலீஸாருக்குத் தண்ணீர் காட்டியவன் என்றும், 1960-களின் நடுவில் அவன் கதை முடிந்தது என்றும் சொன்னார். எப்படி முடிந்தது என்பதை அவர் ஒரு விதமாகச் சொன்னார். அவர் சம்சாரம் உள்ளேயிருந்து வந்து வேறு விதமாகச் சொன்னாள். இருப்பவனிடம் பிடுங்கி இல்லாதவனுக்குக் கொடுத்தான் என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். அத்துடன் நானும் விட்டுவிட்டேன்.

நாற்பது வருஷம் கழித்துப் பேத்தி கேட்ட கேள்வி விடவில்லை. மறுநாள் காலையில் இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

நாமக்கல்லை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு: கவிழ்த்து வைத்த கரும்பானை போல ஊர் நடுவே ஒரே பாறை, உச்சியில் கோட்டை, அடியில் குடைந்த கோயிலில் நரசிம்மர், எதிரே பதினெட்டு அடி உயரத்தில், தலைக்கு மேல் கூரை இல்லாமல், வெயிலும் மழையும் வாங்கிக்கொண்டு கை கூப்பி நிற்கும் ஆஞ்சநேயர். இவ்வளவு பெரியவருக்குக் கூரை போட யாரால் முடியும்? ஊரைச் சுற்றி லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள். கிழக்கே பார்த்தால் கொல்லிமலை, நீலச் சுவர் மாதிரி.

இந்த ஊர்க்காரர்தான் நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளை, 1888-ல் பக்கத்து மோகனூரில் பிறந்தவர். காந்தி பக்தர், தேசியக் கவி. அவர் எழுதிய நாவல் எது தெரியுமா? 'மலைக்கள்ளன்'! 1954-ல் அது எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்துப் படமாக வந்து, ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. மலையில் இருப்பான், பணக்காரனைக் கொள்ளையடிப்பான், ஏழைக்குக் கொடுப்பான், பெண்ணுக்கு ஒரு தீங்கும் வர விடமாட்டான். அது முழுக்கவும் கற்பனைக் கள்ளன்.

தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். கற்பனை மலைக்கள்ளன் டென்ட்டுக் கொட்டகைகளில் ஓடியது 1954-ல். அடுத்த சில வருஷங்களுக்குள் அதே ஜில்லாவின் மேற்குக் கோடியில் ஒரு நிஜக் கள்ளன் மலையேறுகிறான். நல்ல கள்ளனுக்கு என்று தைத்த சட்டை ஒன்று ஜனங்களிடம் முன்பே இருந்தது. வந்தவனுக்கு அதை மாட்டிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அளவு சரியாக இருந்ததா என்று யார் பார்த்தார்கள்?

ராசிபுரம் தாண்டும்போது பேத்தி கேட்டாள்: "தீரன் சின்னமலையைக் கூடத்தானே வெள்ளைக்காரன் குத்தவாளின்னு சொன்னான்?"

அவளைத் தட்டிக் கொடுத்தேன். ஆனால் அவரை இந்த வரிசையில் சேர்க்காதே என்றும் சொன்னேன். சங்ககிரிக் கோட்டையில் 1805-ல் கும்பினியார் தூக்கிலிட்ட அந்த மனிதர், படை திரட்டி அந்நியனோடு பொருதியவர். தூக்கிலிட்டவன் எழுதிவைத்த பெயர் நிலைக்கவில்லை என்பதற்கு அவர் சாட்சி. அதற்காகப் போலீஸ் தேடியவன் எல்லாம் சின்னமலை ஆகிவிட முடியுமா?

சேலத்தில் பஸ் மாறினோம். ஓமலூர் தாண்டியதும் மண்ணின் நிறமே மாறுகிறது. செக்கச் சிவந்த மேட்டு நிலம். கடலைக்காய்க் கொல்லை, சோளக் கொல்லை, வரப்போரம் பனை. வானத்தின் ஓரங்களில் மட்டும் மலைகள், யாரோ ஒளிந்திருந்து எட்டிப் பார்ப்பது போல. வழியில் செம்பழுப்பு நிற ஆட்டு மந்தை ஒன்று பஸ்ஸை மறித்தது. மேச்சேரி ஆடு என்றே ஓர் இனம், நேயர்களே! கம்பளி மயிர் கிடையாது. தோலுக்கு நல்ல கிராக்கி. மேச்சேரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது இந்த ஆடு, உள்ளூர்க்காரர்களுக்குப் பத்ரகாளியம்மன். பெரிய கோயில். வேண்டுதல் என்றால் வேறு ஜில்லாக்களிலிருந்தும் வருகிறார்கள்.

அம்மனைத் தரிசித்துவிட்டு, வெளியே மர நிழலில் வேக வைத்த கல்லக்காய் விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் உட்கார்ந்தோம். எழுபத்தைந்து வயது இருக்கும். காதில் வளர்த்த துளை, கையில் இரும்புப் படி. பேத்தி சும்மா இருப்பாளா? செல்போனில் அந்தப் பாட்டைப் போட்டே விட்டாள்.

பாட்டி சிரித்தார். "நல்ல பாட்டுதான் கண்ணு. எம் பொண்ணு கலியாணத்துக்குக் கூட ரேடியோ செட்டுல போட்டாங்க."

"நீங்க அவரைப் பாத்திருக்கீங்களா பாட்டி?"

"எனக்கு அப்ப ஒம்பது, பத்து வயசு. பாக்கலை. பாத்தவங்க பேச மாட்டாங்க." படியால் கல்லக்காயை அளந்துகொண்டே சொன்னார். "பொழுது எறங்கினா எங்கம்மா வெளக்கை அணைச்சுப்புடும். ஊட்டுல வெளிச்சம் தெரிஞ்சா யாராச்சும் சோறு கேட்டு வந்துருவாங்களாம். அவன் ஆளுங்க வந்து கேட்டா இல்லைன்னு சொல்ல முடியாது. போட்டா, மறா நாளு போலீஸ் வந்து ஏன் போட்டேன்னு கேக்கும். எங்கப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போயி ரெண்டு நாளு வெச்சிருந்தாங்க. எங்கம்மா சாவற வரைக்கும் வெளக்கு வெச்சுச் சோறு தின்னதில்லை அம்மணி. இருட்டுலேயே தின்னு பழகிருச்சு."

பேத்தி விடவில்லை. "அவரு நல்லவரா, கெட்டவரா?"

"காசு வாங்கினவங்க நல்லவன்னாங்க. தாலியை எறக்கினவங்களும் இந்த ஊர்ல இருந்தாங்க கண்ணு. அவங்களை ஆரு கேட்டா?"

பிறகு அவராகவே, பாட்டு வந்த திசையைப் பார்த்து மோவாயை நீட்டினார். "தனியாப் போறவளுக்குத் துணைன்னா, கூட வரணும். பேரைச் சொல்லிக்கிட்டே போன்னா எப்படி?"

நாங்கள் மூன்று பேரும் சிரித்துவிட்டோம். ஆனால் எனக்குப் பனந்தோப்பு ஞாபகம் வந்தது. அன்று எனக்குத் தைரியம் கொடுத்த அதே பெயர்தான், இருபது வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒரு தாயை விளக்கணைக்க வைத்திருக்கிறது. அவளும் என்னைப் போல இடுப்பில் குழந்தை வைத்திருந்தவள்தான்.

பாட்டின் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. இளையராஜாவின் குரலைக் குற்றம் சொன்னால் எந்த வீட்டில் எனக்குச் சாதம் போடுவார்கள்? படக்காரர்களுக்கும் ஒரு கதாநாயகன் வேண்டும். அந்தக் கதாநாயகன் மேச்சேரியோடு நிற்கவில்லை. 1984-ல் இதே டைரக்டர் ரஜினிகாந்தை வைத்து ஹிந்தியில் 'கங்வா' என்று எடுத்தார். 2011-ல் தியாகராஜன் தம் மகன் பிரசாந்தை வைத்து 'மம்பட்டியான்' என்று மறுபடியும் எடுத்தார். மம்பட்டி என்பது என்னவென்று பட்டணத்து வாசகிகளுக்குத் தெரியுமோ என்னவோ, நம் மண்வெட்டியேதான். கொல்லையில் மண்ணை அணைக்கிற கருவியின் பெயரைக் கொண்டவன் கதை ஹிந்தி வரைக்கும் போய்விட்டது!

சீமையிலும் இதே கூத்துத்தான். அந்தப் போனி எம் கோஷ்டியே 1977-ல் 'மா பேக்கர்' என்று அமெரிக்கக் கொள்ளைக்காரி ஒருத்தியைப் பற்றிப் பாடியது. நிஜத்தில் அவள் பெயர் பார்க்கர். பாட்டில் கேட்க நன்றாக இருக்கட்டும் என்று மாற்றிவிட்டார்கள். 1935 ஜனவரியில் ப்ளோரிடாவில் ஒரு வீட்டை வளைத்துக்கொண்டு போலீஸார் சுட்டதில் அவளும் ஒரு மகனும் செத்தார்கள். அவள்தான் கோஷ்டிக்குத் தலைவி என்று போலீஸ் இலாகா பிரசித்தம் செய்தது. கூட்டாளிகளோ, கிழவிக்கு அந்த அளவுக்குச் சாமர்த்தியமே கிடையாது என்று பிறகு சொன்னார்கள். ஆக, அந்தப் பாட்டு போலீஸார் சொன்னதைப் பாடுகிறது. ரஸ்புடீன் பாட்டு கொன்றவன் சொன்னதைப் பாடுகிறது. நம் பாட்டு, காசு வாங்கியவர்கள் சொன்னதைப் பாடுகிறது. விளக்கணைத்தவள் சொன்னதை யாராவது மெட்டுப் போட்டிருக்கிறார்களா என்று பஸ்ஸில் போகும்போது யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து ஒன்றும் அகப்படவில்லை.

மேச்சேரி வரை வந்துவிட்டு மேட்டூரைப் பார்க்காமல் திரும்புவது, கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிடாமல் வருகிற மாதிரி. 1925-ல் ஆரம்பித்து 1934-ல் முடித்த அணை. நூற்றிருபது அடிக்குத் தண்ணீர் நிற்கும். உபரி நீர் போகும் பதினாறு கண் மதகைப் பார்த்துவிட்டு, அணையோரத்துக் கடைகளில் மீன் பொரிக்கிற வாசனைக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்தோம். (சைவர்கள் பக்கத்தில் மாங்காய்க் கீற்று வாங்கிக்கொள்ளலாம். மிளகாய்த் தூள் தாராளம்.) இந்தத் தண்ணீருக்கு அடியில் ஊர்கள் இருந்தன. நீர் வெகுவாக இறங்கும் வருஷங்களில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலின் நந்தியும், ஒரு கிறிஸ்தவக் கோயிலின் கோபுரமும் தலை நீட்டும்; கரையோரத்து ஜனங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். நாங்கள் போன அன்று தண்ணீர் நிறைய இருந்தது. ஒன்றும் தெரியவில்லை.

அக்கரையில் கொளத்தூர்ப் பக்கத்து மலைகளைக் காட்டி, மூலக்காட்டில்தான் வீரப்பனைப் புதைத்திருக்கிறார்கள் என்று கடைக்காரர் சொன்னார். 2004 அக்டோபர் 18-ஆம் தேதி தர்மபுரி ஜில்லா பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் அவன் சுடப்பட்டதும், அதற்கு நாலு வருஷம் முன்பு கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்திக்கொண்டுபோய் நூற்றெட்டு நாள் காட்டில் வைத்திருந்ததும் எல்லோரும் அறிந்தவை. பேத்திக்கு அவனைத் தெரிந்துகொள்ளப் பாட்டு வேண்டியிருக்கவில்லை. 2023-ல் வந்த டாக்குமெண்டரி முழுவதும் பார்த்திருக்கிறாள். அதில் துரத்திய போலீஸ்காரர்களும் பேசினார்கள், அவன் மனைவியும் பேசினாள். நூறு உயிருக்கு மேல் அவன் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். இவனைப் பற்றி யாரும் பெண்களுக்குத் துணைப் பாட்டுப் பாட முடியாது என்றாள் பேத்தி. முடியாது என்று எனக்கு அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல வரவில்லை. இருபது வருஷம்தானே ஆகிறது. மம்பட்டியானுக்கும் பாட்டு வர இருபது வருஷம் பிடித்தது.

திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பஸ் மேச்சேரியில் நின்றபோது எட்டிப் பார்த்தேன். பாட்டி கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். தள்ளுவண்டியின் மேல் பாட்டரி விளக்கு ஒன்று, கண்ணைக் கூசும்படி எரிந்தது. பேத்தி கையை ஆட்டினாள். அவருக்கு அடையாளம் தெரிந்ததோ இல்லையோ, அவரும் படியைத் தூக்கி ஆட்டினார்.

நீங்களும் ஒரு நாள் போய் வாருங்கள். சேலத்திலிருந்து ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூர் பஸ் அடிக்கடி உண்டு. ஒரே நாளில் அம்மனையும் அணையையும் பார்த்துத் திரும்பிவிடலாம். கோயிலண்டை கல்லக்காய் வாங்குங்கள், இளஞ்சூட்டில் நன்றாக இருக்கும். விற்கிற பாட்டிமாரிடம் மம்பட்டியானைப் பற்றிக் கேட்க வேண்டாம். அவர்கள் அம்மாவைப் பற்றிக் கேளுங்கள்.